மலிவு வோல்டேஜ் கன்வெர்ட்டர் போர்டு: ‘3 ஆம்பியர்’ என்பது யாருடைய கணக்கு?

தீப்பெட்டியில் பாதி அளவுள்ள நீல நிறப் போர்டு. நடுவில் ஐந்து கால் சிப், பக்கத்தில் கறுப்புக் காயில், இரண்டு முனையிலும் அலுமினியக் கெப்பாசிட்டர், மேலே பித்தளைத் திருகு வைத்த குட்டி நீலப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் “எல்எம்2596 மாட்யூல்” என்று எடுத்துக் கொடுப்பார்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க, பைக்கில் போன் சார்ஜர் வைக்க, கேமராவுக்கு மின்சாரம் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் வாங்குகிறோம்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. “சிப்பே 3 ஆம்பியர், தாராளமாகப் போடலாம்” என்பது ஒன்று. “சைனா ஐட்டம், எல்லாமே குப்பை” என்பது மற்றொன்று. இரண்டுமே போர்டைப் பார்க்காமல் சொல்வது. எங்கள் வீட்டு மாடியில் 5 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் கேமராவும் இந்த மாட்யூலில் ஏழு மாதம் ஓடின. மே மாதம் வந்ததும் தினமும் மதியம் கேமரா தானாக அணைந்து அணைந்து வந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 5.02 வோல்ட். மீட்டர் சரி என்கிறது, கேமரா சரியில்லை என்கிறது. அந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தப் போர்டை எப்படி எடைபோடுவது என்று கற்றுக்கொண்டேன்.

12 வோல்ட்டை 5 ஆக்க இரண்டு வழி

வண்டி ஓட்டும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிக்கொண்டே பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? வேகம் குறையும், பிரேக் சூடாகும். பழைய 7805 போன்ற லீனியர் ரெகுலேட்டர் செய்வது இதுதான். வேண்டாத வோல்டேஜை வெப்பமாக்கித் தள்ளிவிடும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால், நமக்குக் கிடைப்பது 5 வாட். வெப்பமாகப் போவது 7 வாட். வெப்பத்தை வெளியேற்றும் பெரிய உலோகத் தகடு (ஹீட் சிங்க்) இல்லாமல் இது நடக்காது.

இரண்டாவது வழி, தேவைப்படும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு எடுப்பது. ஒரு சுவிட்சை மிக வேகமாகப் போட்டு அணைத்தால், போட்டிருக்கும் நேரத்தின் விகிதத்தை வைத்தே சராசரி வோல்டேஜ் அமையும். 12-இல் 5 என்றால், ஏறக்குறைய 42 சதவீத நேரம் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். இப்படி வோல்டேஜைக் குறைக்கும் சுற்றுக்குத்தான் பக் கன்வெர்ட்டர் என்று பெயர். எல்எம்2596 சிப் இந்த வேலையை நொடிக்கு 1,50,000 முறை செய்கிறது.

தையல் மெஷினின் சக்கரம்

விட்டுவிட்டு வரும் மின்சாரத்தை நேராகக் கேமராவுக்குக் கொடுக்க முடியாது. அதைச் சீராக்க வேண்டும்.

கால் மிதி வைத்த தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். கால் தருவது விட்டுவிட்டு வரும் அழுத்தம். ஊசியோ சீராக ஏறி இறங்குகிறது. இடையில் இருக்கும் கனமான சக்கரம், அழுத்தும்போது வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அழுத்தாத நேரத்தில் திருப்பித் தருகிறது. காயில் செய்வது அதே வேலை. சுவிட்ச் போட்டிருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டம் மெல்ல ஏறும், அணைந்ததும் மெல்ல இறங்கும், சட்டென்று நிற்காது.

சுவிட்ச் அணைந்த நேரத்தில் காயிலின் மின்னோட்டம் சுற்றிவர ஒரு பாதை வேண்டும். அதைத் தருவது டயோடு. பெரும்பாலும் எஸ்எஸ்34 என்று அச்சிட்ட சின்னக் கறுப்புப் பொருள். மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கடைசியில் இருக்கும் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்கிறது, மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டியால் குழாயில் தண்ணீர் சீராக வருவதுபோல.

5 வோல்ட் வந்துவிட்டது என்று சிப்புக்கு எப்படித் தெரியும்? வெளிவரும் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டரால் பங்கிட்டு ஒரு பங்கைச் சிப்பின் நான்காவது காலுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காலில் 1.23 வோல்ட் இருக்கும்படி சிப் தன் சுவிட்சைச் சரிசெய்துகொண்டே இருக்கும். இதைப் பீட்பேக் என்கிறோம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சுவிட்ச் நறுக்குகிறது, காயில் சீராக்குகிறது, டயோடு வழிவிடுகிறது, கெப்பாசிட்டர் மிச்சத்தைத் தாங்குகிறது, பீட்பேக் கண்காணிக்கிறது. இந்த ஐந்தில் சிப் பார்ப்பது சுவிட்ச் வேலையையும் கண்காணிப்பையும்தான். மற்ற மூன்றும் போர்டைச் செய்தவர் எந்த உதிரிப்பாகத்தைப் போட்டார் என்பதைப் பொறுத்தவை.

3 ஆம்பியர்: சிப்பின் கணக்கும் போர்டின் கணக்கும்

எல்எம்2596-ஐ வடிவமைத்தது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம். 2011-இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. அவர்களுடைய டேட்டாஷீட்டில் (சிப்பின் விவரக்குறிப்பில்) 3 ஆம்பியர் என்று இருப்பது உண்மை. ஆனால் அது சிப்புக்கான எண். வெப்பம் வெளியேறப் போதிய செம்புப் பரப்பு கொடுத்திருந்தால் கிடைக்கும் எண். விற்பவர்கள் அதை அப்படியே எடுத்துப் போர்டின் மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும்போது இந்தச் சிப்பின் திறன் சுமார் 80 சதவீதம். வெளியே 15 வாட் போனால் உள்ளே 18.75 வாட் வர வேண்டும். இடையில் 3.75 வாட் வெப்பமாகிறது. அதில் 2 வாட்டுக்கு மேல் சிப்பிலேயே உண்டாகும். இந்தச் சிப்பின் சுவிட்ச் பழைய வகை டிரான்சிஸ்டர். 3 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். மிச்ச வெப்பம் டயோடிலும் காயிலிலும்.

இவ்வளவு சின்ன போர்டில் சிப் ஒவ்வொரு வாட்டுக்கும் தோராயமாக 40 டிகிரி சூடேறும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 வாட்டுக்கு 80 டிகிரி. அறை வெப்பம் 35 என்றால் சிப்பின் உட்பகுதி 115. மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மொட்டை மாடி வெயிலில், டப்பாவின் உட்புறமே 50 டிகிரி என்றால் 130. சிப்புக்கு அனுமதித்த எல்லை 125. எல்லை தாண்டிச் சூடேறினால் சிப் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும். மதியம் மட்டும் கேமரா நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

இதே போர்டில் 1 ஆம்பியர் மட்டும் எடுத்தால் மொத்த வெப்பமே சுமார் 1 வாட்தான். கையில் வைத்தால் இளஞ்சூடு. அதனால் இது குப்பை இல்லை. 1 அல்லது 1.5 ஆம்பியருக்கு நல்ல போர்டு. அதை 3 ஆம்பியர் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிப்பின் உலோகப் பகுதிக்கு நேர் கீழே வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்து, பின்புறம் அகலமான செம்புப் பரப்பு இருந்தால், செய்தவர் வெப்பத்தைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று பொருள். துளைகளே இல்லாத போர்டை நான் 1 ஆம்பியருக்கு மேல் நம்புவதில்லை.

பெயர் ஒன்று, சிப் வேறு

மலிவு மாட்யூல்களில் பலர் அளந்து பார்த்துக் கண்ட விஷயம் ஒன்று உண்டு. மேலே எல்எம்2596 என்று அச்சிட்டிருக்கும். சுவிட்ச் வேகம் மட்டும் நொடிக்கு 1,50,000 முறைக்குப் பதிலாக 50,000 முறை அளவில் இருக்கும். இதன் முன்னோடியான எல்எம்2576 சிப்பின் வேகம் 52,000. இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே என்பதால் பழைய வகைச் சிப்பைப் புதிய பெயரில் பொருத்தினாலும் போர்டு வேலை செய்யும். மல்டிமீட்டரும் 5.00 என்றே காட்டும்.

அப்படியானால் என்ன நஷ்டம்? தையல் மெஷினுக்கே போவோம். மிதிக்கும் இடைவெளி மூன்று மடங்கு நீண்டால், அதே சீரான ஓட்டத்துக்கு மூன்று மடங்கு கனமான சக்கரம் வேண்டும். போர்டில் இருப்பதோ வேகமான சிப்புக்காகப் போட்ட சின்னச் சக்கரம்.

பல போர்டுகளில் காயில்மேல் 330 என்று இருக்கும். அது 33 மைக்ரோஹென்றி. 12-லிருந்து 5 வோல்ட் எடுக்கும்போது, நிஜ எல்எம்2596-இல் காயிலின் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும். 50,000 வேகத்தில் இது சுமார் 1.8 ஆம்பியர் ஆகிவிடும். சராசரி 3 ஆம்பியர் என்றால் உச்சம் 3.3-இல் நிற்க வேண்டியது 3.9-ஐத் தொடுகிறது.

ஒரு துணி ஓரளவுக்குத்தான் ஈரத்தை உறிஞ்சும். அதற்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும். காயிலின் நடுவே இருக்கும் காந்தப் பொருளும் அப்படித்தான். ஒரு மின்னோட்டத்துக்கு மேல் அதனால் காந்தசக்தியை வாங்கி வைக்க முடியாது. இதைச் சாச்சுரேஷன் என்பார்கள். அந்த நிலையில் காயில் வெறும் செம்புக் கம்பிபோல ஆகிவிடும். மின்னோட்டம் மெல்ல ஏறுவதற்குப் பதில் குபீரென்று ஏறும், சிப் துடிக்கும், எல்லாம் கொதிக்கும். சின்ன காயிலும் மெதுவான சிப்பும் சேர்ந்தால் 3 ஆம்பியருக்கு முன்பே இந்த நிலை வரலாம்.

நான் தேடியது கெப்பாசிட்டரில் இருந்தது

எங்கள் மாடிப் போர்டைக் கழற்றியபோது உள்ளே நுழையும் பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. வெளிவரும் பக்கத்தில் இருந்தது நன்றாகவே இருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை; சுமை வெளியேதானே இருக்கிறது?

பக் கன்வெர்ட்டரில் அதிகம் அடிபடுவது உள்பக்கக் கெப்பாசிட்டர்தான். வெளிப்பக்கத்தில் காயில் சீராக்கித் தந்துவிடுகிறது. உள்பக்கத்தில் சீராக்க யாருமில்லை; சுவிட்ச் போடும்போது 3 ஆம்பியர், அணைக்கும்போது பூஜ்யம் என்று முழு வெட்டும் கெப்பாசிட்டர் மேலேயே விழுகிறது. இப்படி அதன் வழியே போய்வரும் மின்னோட்டத்தை ரிப்பிள் கரன்ட் என்கிறோம். 12-லிருந்து 5 எடுக்கும்போது அது வெளிச் சுமையில் ஏறக்குறையப் பாதி. 3 ஆம்பியருக்கு 1.5 ஆம்பியர். இந்தப் போர்டுகளில் போடும் 100 மைக்ரோபாரட், 50 வோல்ட் சாதாரணக் கெப்பாசிட்டர் தாங்குவது சில நூறு மில்லியாம்பியர்தான்.

இந்தக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது காயும். காயக் காய உள்ளே இருக்கும் மின்தடை கூடும். அந்த உள்தடைக்கு இஎஸ்ஆர் என்று பெயர். தடை கூடினால் இன்னும் சூடு. சூடு கூடினால் திரவம் இன்னும் காயும். ‘105 டிகிரியில் 2,000 மணி நேரம்’ என்பது இவற்றில் வழக்கமான ஆயுள். கேட்க நிறையத் தோன்றினாலும், நிற்காமல் ஓடினால் மூன்று மாதம்கூட இல்லை. ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 65 டிகிரியில் வைத்தால் அதே கெப்பாசிட்டர் 32,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுக்கு மேல் வரும். சிப்பை ஒட்டிக் கெப்பாசிட்டர் வைத்திருக்கும் போர்டு, தன் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்கிறது.

மீட்டர் ஏன் 5.02 காட்டியது என்பதும் இங்கேதான் விளங்கும். டிசி ரேஞ்சில் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. நொடிக்குப் பல்லாயிரம் முறை வரும் பள்ளங்களும் மேடுகளும் அதில் தெரியாது. ஏசி ரேஞ்சுக்கு மாற்றிப் பார்த்து “ரிப்பிள் இல்லை” என்று சொல்வதும் சரியல்ல. சாதாரண மீட்டர்களின் ஏசி ரேஞ்ச் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

இதுவரை பார்த்ததில் மூன்று பலவீனங்கள்: வெப்பம் வெளியேற இடம் போதாது, காயிலுக்கும் சிப்புக்கும் பொருத்தம் இல்லாமல் இருக்கலாம், உள்பக்கக் கெப்பாசிட்டர் சின்னது. மூன்றுமே மின்னோட்டம் கூடும்போது சேர்ந்து மோசமாகின்றன.

பித்தளைத் திருகு

நீலப் பெட்டியில் இருப்பது பிரீசெட், அதாவது திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர். டபிள்யூ103 என்று எழுதியிருந்தால் 10,000 ஓம். முழுவதும் திருக ஏறக்குறைய 25 சுற்று. பல போர்டுகளில் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ரெசிஸ்டர் 330 ஓம். இந்த அளவுகளில் 5 வோல்ட்டுக்கு வேண்டியது சுமார் 1,000 ஓம், அதாவது 25-இல் முதல் இரண்டரைச் சுற்று. ஒரு சுற்றுத் திருகினால் கிட்டத்தட்ட 1.5 வோல்ட் மாறிவிடும். பைக் அதிர்விலும் தூசியிலும் திருகு கொஞ்சம் நகர்ந்தால்கூட வோல்டேஜ் தாவும்.

புதுப் போர்டில் “எவ்வளவு திருகியும் மாறவில்லை” என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடையிலிருந்து வரும்போது பிரீசெட் உள்வோல்டேஜைவிட மேலே எங்கோ நின்றிருக்கும், அவ்வளவுதான். எதிர்த்திசையில் பொறுமையாகப் பத்து, இருபது சுற்றுத் திருகினால் இறங்கத் தொடங்கும்.

உண்மையான ஆபத்து வேறு. பிரீசெட் இருப்பது வெளிவோல்டேஜுக்கும் பீட்பேக் காலுக்கும் நடுவே. அதன் உள்தொடர்பு விட்டுப்போனால் சிப்புக்கு எந்தச் செய்தியும் வராது. ‘வெளியே பூஜ்யம்’ என்று நினைத்துச் சுவிட்சை முழுவதும் திறந்துவிடும். 5 வோல்ட் கேமராவுக்கு ஏறக்குறைய முழு 12 வோல்ட்டும் போய்விடும். ஒரே வோல்டேஜில் நிரந்தரமாக ஓட வேண்டிய இடத்தில் பிரீசெட்டைக் கழற்றிவிட்டு 1,000 ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்துவிடுவது என் வழக்கம். கீழே 330 ஓம் இருந்தால் வெளியே 4.96 வோல்ட் வரும். 5 வோல்ட் சாதனங்களுக்கு அது சரியானது. எந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்பதை அளந்துவிட்டுச் செய்யுங்கள்.

40 வோல்ட் என்ற பேச்சு

சிப் 40 வோல்ட் தாங்கும். பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்34 டயோடின் எல்லையும் 40 வோல்ட்தான், அது முழு உள்வோல்டேஜையும் சுமக்கிறது. இடைவெளியே இல்லை. 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 29 வரை போகும், அது பரவாயில்லை. 24 வோல்ட் சோலார் பேனலை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். சுமை இல்லாத நேரத்தில் 72 செல் பேனல் 44 வோல்ட் அளவில் தரும்; காலை வெயில் ஏறும்போதே போர்டு போய்விடும். நான் 30 வோல்ட்டை மேல் எல்லையாக வைத்துக்கொள்கிறேன்.

வீட்டிலேயே சோதிக்க

இரண்டு மல்டிமீட்டர், சில 4.7 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர், ஒரு பழைய ஓட்டுத் துண்டு. ரெசிஸ்டர் கொதிக்கும் என்பதால் ஓட்டின்மேல் வையுங்கள்.

வெளிவோல்டேஜை 5-இல் வைத்து ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சுமார் 1 ஆம்பியர், இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஆம்பியர். ஒவ்வொரு நிலையிலும் உள்பக்க வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்குங்கள், வெளிப்பக்கத்தையும் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக, உள்ளே 12 வோல்ட், 0.54 ஆம்பியர் என்றால் 6.5 வாட். வெளியே 5.3 வாட். திறன் சுமார் 82 சதவீதம், நல்ல போர்டு. 1 ஆம்பியரிலேயே 75-க்குக் கீழே போனால் சிப்போ காயிலோ சரியில்லை. வெளிவோல்டேஜை ஒயரின் முனையில் அளக்காமல் போர்டின் மேலேயே அளந்து பாருங்கள். சுமை ஏற்றியதும் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது.

ஒவ்வொரு நிலையிலும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு நிலைபெற அவ்வளவு நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. துப்பாக்கி வடிவ வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் குறைவாகக் காட்டும். கெப்பாசிட்டர் மேலும் காயில் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்கவும். கெப்பாசிட்டர் 65 டிகிரியைத் தாண்டாத மின்னோட்டம் எதுவோ, அதுதான் அந்தப் போர்டுக்கு நான் எழுதிவைக்கும் ஆம்பியர்.

மீட்டரில் ஹெர்ட்ஸ் ரேஞ்ச் இருந்தால் சிப்பின் வேகத்தையும் பார்த்துவிடலாம். கறுப்பு முனையை கிரவுண்டில் (நெகட்டிவ் பக்கத்தில்) வைத்து, சிவப்பு முனையை டயோடின் கோடுபோட்ட பக்கத்தில் வையுங்கள். சிப்பின் காலில் நேரடியாக வைக்க வேண்டாம். முதல் காலும் இரண்டாம் காலும் அருகருகே இருக்கின்றன, முனை நழுவி இரண்டையும் தொட்டால் முழு 12 வோல்ட்டும் வெளியே பாயும். குறைந்தது அரை ஆம்பியர் சுமையோடு அளந்தால் எண் தடுமாறாது. 150 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,50,000 முறை) பக்கத்தில் வந்தால் நல்லது. 50 பக்கத்தில் வந்தால் தூக்கிப்போட வேண்டாம். 1 ஆம்பியருக்குக் கீழே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றின் மின்னிரைச்சலைக் கேட்க மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் போதும். போர்டில் உள்பக்கக் கெப்பாசிட்டர், சிப், டயோடு மூன்றும் ஒட்டி ஒட்டி இருந்தால் இரைச்சல் சின்ன வட்டத்துக்குள் அடங்கும். தள்ளித் தள்ளி வைத்திருந்தால் அந்த நீண்ட பாதையே ஆன்டெனா ஆகிவிடும். ரேடியோவை நெருக்கினால் கரகரப்பு கேட்கும், தூரம் போகப் போக எப்போது அடங்குகிறது என்று இரண்டு போர்டுகளை ஒப்பிடலாம்.

எங்கள் மாடியில் இப்போதும் அதே வகைப் போர்டுதான் ஓடுகிறது. கேமராவுக்கு ஒன்று, கம்ப்யூட்டர் போர்டுக்கு ஒன்று என்று சுமையைப் பிரித்துவிட்டேன். உள்பக்கத்தில் இஎஸ்ஆர் குறைந்த 470 மைக்ரோபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டரைக் கூடுதலாகச் சேர்த்தேன். பிரீசெட் இருந்த இடத்தில் நிரந்தர ரெசிஸ்டர். டப்பாவின் அடியிலும் மேலேயும் காற்றுக்குத் துளை, பூச்சி நுழையாமல் கொசுவலை. இரண்டு மே மாதங்கள் கடந்துவிட்டன. மதியத்தில் கேமரா நிற்கவில்லை.